கண்ணாடியில் தெரிய வேண்டிய கை

கோணி ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு அத்தாயி எழுந்திருக்கிறார். மடியில் கிடந்த சணல் நூலை உதறுகிறார். தைத்துக்கொண்டிருந்த சாக்கை நான்காக மடித்து, காற்றில் பறக்காமலிருக்கத் தண்ணீர்ப் பாட்டிலை அதன்மேல் வைக்கிறார். வலது மணிக்கட்டில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொள்கிறார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். மழை வருமா என்று பார்க்கிறார் என நீங்கள் நினைத்தால் ஏமாந்தீர்கள். கேபிள் ஒயர் எங்கெங்கே தொங்குகிறது என்று பார்க்கிறார். செவ்வாய்ப்பேட்டைப் புளிமண்டிச் சந்துக்குள் ஒரு லாரி நுழையப் போகிறது.

இந்தச் சந்துக்கு இடம் விட்ட புண்ணியவான், மாட்டு வண்டிக்கு மேல் பெரிதாக எதுவும் உலகத்தில் வராது என்று நம்பியிருக்கிறார். ஒரு பக்கம் நெடுக குடோன் சுவர். மறுபக்கம் கடைகள், கடைகளுக்கு முன்னால் சாக்கடை, சாக்கடைமேல் உடைந்ததும் உடையாததுமாகப் பலகைக் கற்கள். நுழையும் இடத்தில் லேசாகச் சாய்ந்த மின்கம்பம். கடைசியில் பருப்பு மண்டி. உள்ளே போய்த் திருப்ப இடமில்லாததால் லாரிகள் பின்பக்கமாகவே நுழைந்தாக வேண்டும். முன்பெல்லாம் லாரிக்கு ஒரு கிளீனர் இருப்பார், இறங்கி வழி காட்டுவார். இப்போது டிரைவர் பெரும்பாலும் தனியாகத்தான் வருகிறார். அவருக்குக் கண்ணாடி உண்டு, கண்ணாடியில் தெரிய ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் அத்தாயியுடையது.

அவருடைய தொழில் இதுவல்ல. மண்டிகளில் கிழிந்துபோகும் சாக்குகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. சந்து முனையில், என் கடைக்கு நேர் எதிரே, மூட்டை இறங்கிய காலிச் சாக்குகளைக் குவித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். என் கடை மின்தராசு பழுது பார்க்கும் கடை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு நான் சாட்சி. என் தராசைவிட என் வாய்தான் அதிகம் வேலை செய்கிறது என்று மனைவி சொல்வாள். அத்தாயி அதற்கு நேர் எதிர். நான் நாற்பது வார்த்தை பேசி முடித்ததும் “அதுஞ்செரிங்க” என்பார். அவ்வளவுதான். மிச்சத்தைக் கைதான் சொல்லும்.

அந்தக் கையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். முழங்கையிலிருந்து மடங்கி மடங்கி வந்தால் வண்டி வரலாம். மெதுவாக மடங்கினால் மெதுவாக வரலாம். உயர்த்திய கை முஷ்டியாக மூடினால், அந்த இடத்தில், அந்த நொடியில் நிற்க வேண்டும். பாட்டில் மூடியைத் திருகுவதுபோல மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங். இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு முன்னால் எதிரெதிரே நின்றால், இன்னும் இருக்கிற இடைவெளி அவ்வளவு. கைகள் நெருங்க நெருங்க இடம் குறைகிறது. நெஞ்சில் விரலை வைத்தால், ‘ஊரை வேடிக்கை பார்க்காதே, என்னைப் பார்’. வேலை முடிந்ததும் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர்கள் மூச்சு விடுவார்கள்.

இவ்வளவு நேரமும் அவர் தலை அசையாது. இதில் அவருக்கு ஒரு கொள்கையே உண்டு. “நம்மூருல தலைய ஆட்டுனா ஆமான்னும் இருக்கும், இல்லீன்னும் இருக்கும், சும்மா கேட்டுக்கிட்டிருக்கறேன்னும் இருக்கும். நமக்கே புரியாதுங்க. குல்பர்காவுல இருந்து வார்றவங்களுக்கு எப்பிடிங்க புரியும்?” என்று ஒருமுறை சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்கு எனக்குப் பெரிய செய்தி. பருப்பு கொண்டுவரும் கன்னடக்காரர், மிளகாய் கொண்டுவரும் குண்டூர்க்காரர், எப்போதாவது வந்து சேரும் இந்திக்காரர் எல்லோருக்கும் ஒரே கைதான். குண்டூர்க்காரர் போகும்போது ஒரு பொட்டலம் மிளகாயை அவர் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். அத்தாயி வீட்டுக் குழம்பின் காரத்துக்கு அதுதான் காரணம்.

விசில் அவருக்குப் பிடிக்காது. “விசிலடிச்சா மாடு திரும்புங்க. வண்டி திரும்புமா?” என்பார். கத்துவதும் பிடிக்காது. அவர் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கத்தலால்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரியின் பின்சக்கரம் சாக்கடைப் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. சந்தே கூடிவிட்டது. ‘லெப்ட்ல ஒடி’ என்கிறார் ஒருவர், ‘ரைட்ல, ரைட்ல’ என்கிறார் இன்னொருவர், ஆளாளுக்கு நாட்டாமை. நானும் என் பங்குக்குக் கத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “யாராச்சும் ஒருத்தர் கையக் காட்டுங்கய்யா, மத்தவங்க வாய மூடுங்க” என்று கும்பிட்டார். சாக்கு தைத்துக்கொண்டிருந்த அத்தாயி எழுந்து கண்ணாடிக்கு நேராக நின்று கையை உயர்த்தினார். வண்டி வெளியே வந்தது. அன்றிலிருந்து சந்து அவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை, அதுவாக அப்படி ஆகிவிட்டது.

அவர் அதைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. வீட்டில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருக்கிறார். கணவர் கண்ணுசாமி அதே பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவரைத்தான் லாரியாக்கியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் வீட்டுக்கு முன்னால் பின்பக்கமாக நடக்க, இவர் கை காட்டுவாராம். “ரெண்டு தடவ அம்மிக் கல்லு மேல உட்டு ஏத்திருச்சுங்க என்னைய” என்று கண்ணுசாமி பெருமையாகச் சொல்வார். பிறகு ஒரு நாள் நின்ற லாரியில் ஏறி, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணுசாமியைப் பின்னால் நிற்கவைத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே காட்டினால் தெரியவில்லை. உடம்போடு ஒட்டிக் காட்டினால் சேலை நிறத்தில் கை கரைந்துபோகிறது. இறங்கி வந்து மணிக்கட்டில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு டிரைவரிடமும் முதல் தடவை சொல்வது ஒன்றே ஒன்று: “கண்ணாடியில எம் மூஞ்சி தெரியிலீன்னா வண்டிய நகத்தாதீங்க சாமி.”

தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். என் கடை முகப்பில் இருந்த தகரக் கூரையைக் கேளுங்கள். பின்சக்கரத்தையும் பலகையையும் பார்த்துப் பார்த்துக் கை காட்டிய அத்தாயி, லாரியின் உச்சியில் பாரம் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. கூரை சுருண்டு கீழே வந்தது. அவர் வாயே திறக்காமல் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அப்படிக் கும்பிட்டவரிடம் என்ன சண்டை போடுவது? நான் போட்டேன், ஆனால் ருசிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முதலில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம். இப்போது வரும் புது வண்டிகளில் பின்னால் கேமரா இருக்கிறதே, உங்களுக்கு வேலை போய்விடுமே என்று கேட்டேன். “போனாப் போகுதுங்க, நாலு சாக்கு சேத்தித் தைப்பேன்” என்றார். கேமரா வைத்த வண்டிக்காரர்களும் அவரைத் தேடிக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் அவரை விட்டு இறங்குவதில்லை என்பதுதான் வேடிக்கை. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது, பஸ் பின்னால் எடுத்தால் இவர் கை ஜன்னலுக்கு வெளியே நீளும். ரேஷன் கடை வரிசையில் முட்டுகிறவர்களை முஷ்டி மூடி நிறுத்துவார். அவர்களும் எதற்கென்று தெரியாமலே நின்றுவிடுவார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை நடை பழகியபோது முன்னால் உட்கார்ந்து, நெஞ்சில் விரல் வைத்து, கையை மடக்கி மடக்கி வரவழைத்தாராம். வந்து மடியில் விழுந்ததும் முதுகில் இரண்டு தட்டு.

எல்லாம் சிரிப்புதான். ஆனால் இதே கைதான் அவருக்குக் கூடப்பிறந்தவனை இல்லாமல் ஆக்கியது.

தம்பியின் பெயர் அங்கமுத்து. பனமரத்துப்பட்டியில் வீடு, அவரும் லாரி டிரைவர்தான். அத்தாயியின் மகள் தீபிகா பெரியவளானபோது, ஐந்தாறு வருஷம் இருக்கும், மண்டபம் பிடித்து சீர் செய்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தால் அக்காள் வாசலுக்குப் போய்ச் சொம்புத் தண்ணீர் கொடுத்து, வாய் நிறைய “வா சாமி” என்று கூப்பிட வேண்டும். அங்கமுத்து குறை வைக்கவில்லை; பட்டுச் சேலை, பழம், வெல்லம் என்று ஊர்ப் பெண்கள் வரிசையாகத் தட்டேந்தி வர, முன்னால் செண்டை மேளம் காது கிழிய வந்தது. அந்த நேரம் பார்த்து அத்தாயி மேடையில், கையில் விளக்கோடு, போட்டோக்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கட்டிய வாழைமரத்தில் தட்டு இடிக்கப் போகிறது என்று மேடையிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. விளக்கைக் கீழே வைத்தார். கை தானாக உயர்ந்தது. முஷ்டி மூடியது. மேளத்தோடு ஊர்வலம் நின்றது. மணிக்கட்டு இடது பக்கம் திரும்பியது. பிறகு முழங்கை மடங்கி மடங்கி, வா, வா, வா.

பங்காளி வகையில் ஒருவர், “மாமன ரிவர்சுல எடுக்கறாங்கடோய்” என்றார். மண்டபமே சிரித்தது. அங்கமுத்து சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை வாசற்படியில் வைத்தார், திரும்பி நடந்தார், அதோடு போனவர்தான். “சபையில வெச்சு, சீரோட வந்த பொறந்தவன, வண்டியக் கூப்புடற மாதிரி கையில கூப்புட்டாளே” என்பது அவர் கட்சி. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கைகாட்டலுக்கு வண்டி ஓட்டுகிற மனிதர் அவர். மாமனாக நடந்து வந்த ஒரு நாளிலும் அதே கைதானா?

போன வருஷம் விதி ஒரு விளையாட்டு விளையாடியது. வட இந்தியாப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அங்கமுத்து, முதலாளி மாறி, குல்பர்காவிலிருந்து எங்கள் பருப்பு மண்டிக்குத் துவரை ஏற்றி வரும் வண்டிக்கு வந்து சேர்ந்தார். வாரம் ஒரு முறை வண்டி வரும். அவர் சந்துக்குள் வரமாட்டார். மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, டீக்கடையில் நிற்கும் வேறு டிரைவர் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிடுவார். அந்த டிரைவர் அத்தாயியின் கையைப் பார்த்து வண்டியை உள்ளே விடுவார். அதாவது தம்பியின் வண்டியை அக்காள்தான் உள்ளே கொண்டுவருவார், தம்பி மட்டும் அதில் இருக்க மாட்டார். அந்த வண்டிக்கு மட்டும் அத்தாயியின் கை இன்னும் மெதுவாக மடங்கும். தம்பியின் வண்டியில் ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதாம்.

இந்தப் புரட்டாசியில் தீபிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராசிபுரம், ஐப்பசியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் பத்திரிகை கொடுப்பதோடு அழைப்பு முடிந்துவிடாது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து, “வந்து நடத்திக் குடுங்க” என்று சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். வாங்கினால் வருவார். வாங்காவிட்டால் வரமாட்டார். அதிலும் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவதென்பது அத்தாயி குடும்பத்தில் கேள்விப்படாத விஷயம்.

அத்தாயியும் கண்ணுசாமியும் தட்டோடு பனமரத்துப்பட்டிக்குப் போய்வந்தார்கள். அங்கமுத்துவின் மனைவி மலர்விழி பாய் போட்டு, காப்பி கொடுத்து, “வந்துருவாருங்க, இருங்க” என்று நாலு தடவை சொல்லியிருக்கிறார். அவர் வரவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அத்தாயி சாக்கைக் கோணல்மாணலாகத் தைத்தார். நான் வழக்கம்போல ஆறுதல் என்ற பெயரில் அரைமணி நேரம் பேசினேன். கல்யாணம் நிற்காது, தாய்மாமன் முறைக்கு உங்கள் பிறந்த வீட்டுப் பங்காளி ஒருவர் இருப்பார், ஊர் உலகத்தில் நடக்காததா என்றெல்லாம் அடுக்கினேன். அத்தாயி கேட்டுக்கொண்டே நூலை இழுத்தார். “கல்யாணம் நடக்குங்க தராசுக்காரண்ணா. அதெல்லாம் நல்லா நடக்கும். எனக்குத்தான் ஊடு நெறையாது” என்றார்.

அடுத்த வியாழக்கிழமை மதியம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கமுத்துவின் வண்டி சந்து முனையில் நின்றது, மூட்டைகளின்மேல் போட்டிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து படபடத்தது. டீக்கடையில் அன்றைக்கென்று ஒரு டிரைவரும் இல்லை. பருப்பு மண்டிக்காரர் நாச்சிமுத்து போனுக்கு மேல் போன் போடுகிறார். துவரை நனைந்தால் அவர் கதி என்ன, அதைக் கொண்டுவந்தவர் கதி என்ன? பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனில் கை வைத்தது வைத்தபடி நிற்கிறது. அங்கமுத்து டீக்கடைப் பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் வண்டியில் ஏறினார்.

அத்தாயி ஊசியைக் கொண்டையில் செருகி எழுந்துவிட்டார். வழக்கமான இடத்தில், வண்டிக்கு இடது பின்பக்கம், கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றார். இடது பக்கம்தான் டிரைவருக்குக் கண் எட்டாத பக்கம், சாக்கடையும் அந்தப் பக்கம்தான். கையை உயர்த்தினார்.

அங்கமுத்து மறுபடியும் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அக்காள் முகத்தைப் பார்க்காமல், அந்த இடது பக்கக் கண்ணாடியைப் பிடித்து மடக்கிவிட்டார். திரும்பிப் போய் ஏறிக்கொண்டார்.

சந்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. மூட்டை தூக்கத் தயாராக நின்ற கண்ணுசாமி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. சாக்கடைக்குப் பயந்து, தனக்குத் தெரிகிற வலது பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பி, அங்கமுத்து குடோன் சுவரை ஒட்டியே வண்டியை எடுத்தார். அத்தாயி ஒரு நொடி நின்றார். பிறகு வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி, சுவருக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கத்தான் அங்கே இடம். முதுகு சுவரில். முகம் கண்ணாடிக்கு நேராக. வெள்ளைத் துணி கட்டிய கையை உயர்த்தி, எந்தக் கோபமும் இல்லாமல், முழங்கையை மடக்கி மடக்கி வண்டியைக் கூப்பிட்டார்.

பிரேக் கிறீச்சிட்டது. வண்டி குலுங்கி நின்றது.

ஸ்டியரிங் ஒரு சாண் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டிரைவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கண்ணாடி வழியாக அங்கமுத்து அக்காளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை, வண்டிக்கு முன்னால் ஓடிவந்து நின்ற நானே பார்த்தேன். அத்தாயி நகரவில்லை. தலை அசையவில்லை. நெஞ்சில் விரலை மட்டும் வைத்தார். அங்கமுத்து கேபினுக்குள்ளேயே இடது பக்கம் தாவினார், ஜன்னல் வழியே உடம்பைப் பாதி வெளியே நீட்டினார், மடக்கிய கண்ணாடியை விரித்துவிட்டார். திரும்ப வலது ஜன்னலுக்கு வந்து, அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று கையை வீசி வீசிக் காட்டினார். பயத்தில் அவர் கை அப்படி வீசியதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு இளகுகிறது.

அத்தாயி இடது பக்கம் வந்து நின்றார். அதன் பிறகு நடந்தது எங்கள் சந்து தினமும் பார்க்கிற காரியம்தான். கை மடங்கியது, மணிக்கட்டு திரும்பியது, உள்ளங்கைகள் நெருங்கின. வண்டி கம்பத்தைத் தாண்டியது, பலகைகளைத் தாண்டியது, மண்டித் திண்டில் முட்டாமல் நின்றது. பின்கதவில் இரண்டு தட்டு. கண்ணுசாமியும் மற்றவர்களும் மளமளவென்று மூட்டைக்குத் தோள் கொடுத்தார்கள்.

அங்கமுத்து எஞ்சினை அணைத்தார். இறங்கி நேராக அக்காளிடம் வந்தார்.

“ஏனுங்க்கா, செவுத்துக்கும் வண்டிக்கும் எடையில போயி நிக்கறீங்களே, ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?”

அக்காளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

“நீ அந்தக் கண்ணாடிய மடக்கிப் போட்டா நா வேற எங்க சாமி நிக்கறது? உங் கண்ணுல படோணுமில்ல” என்றார் அத்தாயி.

அங்கமுத்து தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“ஊட்டுக்கு வந்தீங்களாமா” என்றார் தரையைப் பார்த்து.

“வந்தோம். மலரு காப்பி குடுத்துச்சு.”

“நா பின்னாடி பொடக்காளியிலதான் இருந்தேன்.”

“தெரியும் சாமி. உஞ் செருப்பு வாசல்ல கெடந்துச்சு.”

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்பதை என் மனைவி இன்றுவரை நம்ப மறுக்கிறாள்.

அங்கமுத்து தோள் துண்டை எடுத்தார். உதறினார். இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார். பிறகு அக்காளுக்கு முன்னால், லாரிக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

அத்தாயி தன் கைகளைப் பார்த்தார். சணல் தூசிதான் இருந்தது. தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை. வலது கை பாதி உயர்ந்து, எதைக் காட்டுவதென்று தெரியாமல், கீழே இறங்கிவிட்டது. அவர் திரும்பி, முதுகில் மூட்டையோடு நின்ற கணவரைப் பார்த்தார். கண்ணுசாமி துவரை மூட்டையை நின்ற இடத்திலேயே இறக்கிப் போட்டுவிட்டு, மண்டிக்காரர் கத்தக் கத்த, முக்கு வெற்றிலைக் கடையைப் பார்த்து ஓடினார்.

தூறல் விழ ஆரம்பித்தது. “இரு சாமி, வந்துருவாரு, உள்ள வந்து நில்லு” என்றார் அத்தாயி. அங்கமுத்து உள்ளே வரவில்லை. நீட்டிய உள்ளங்கைகளில் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. வெற்றிலை வந்து சேரும்வரை அவர் அந்தக் கைகளைக் கீழே இறக்கவில்லை.